அல்டிமா 7: ஊருக்கு உயிர் எங்கிருந்து வருகிறது

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி, புராஜெக்டுக்காக மயிலாப்பூர் மாட வீதியை ஒரு கேமாகச் செய்துகொண்டிருக்கிறார். பூக்காரம்மா, டீக்கடை மாஸ்டர், இஸ்திரி வண்டிக்காரர், வாட்ச்மேன் என்று முப்பது நாற்பது பேரை உள்ளே விட்டாகிவிட்டது, நடக்கிறார்கள், பேசுகிறார்கள், ஆனாலும் தெரு செத்துக் கிடக்கிறது என்கிறார். "அண்ணா, 1992-ல் வந்த அல்டிமா 7-லேயே உயிருள்ள ஊர் இருந்தது என்கிறார்களே, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் அது எப்படி முடிந்தது? இப்போது போய் அதை விளையாடுவதில் பிரயோஜனம் உண்டா?" இதுதான் கேள்வி.

உண்டு தம்பி, கட்டாயம் விளையாடுங்கள். ஆனால் அந்த ஆட்களுக்குள் ஏதோ பெரிய மூளை ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் யோசிப்பதில்லை, திட்டம் போடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, படுக்க ஒரு வீடு, போய் உட்கார ஓர் இடம், கையாளச் சில பொருள்கள், அவ்வளவுதான் இருக்கிறது. அந்தப் பொருள்களை நீங்களும் அதே மாதிரி கையாளலாம். என்னைக் கேட்டால் ஊருக்கு உயிர் வருவதில் முக்கால் பங்கு இந்தக் கடைசி விஷயத்தால்தான், உங்கள் மாட வீதியில் விட்டுப்போயிருப்பதும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. அல்டிமா வரிசையைச் செய்தது அமெரிக்காவில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் இருந்த ஒரிஜின் சிஸ்டம்ஸ், அதற்குப் பின்னால் இருந்தவர் ரிச்சர்ட் கேரியட். ஏழாம் பாகத்தின் முழுப்பெயர் 'தி பிளாக் கேட்'. முந்தைய கதை முடிந்து 200 வருடம் கழித்து, பிரிட்டானியா என்ற நாட்டுக்கு நாயகனாக நீங்கள் திரும்பிப் போகிறீர்கள். இது ஒரே நாளில் முளைத்ததும் இல்லை. 1985-ல் வந்த நாலாம் பாகத்தில் கடைசியில் கொல்ல ஒரு வில்லனே கிடையாது, எட்டு நற்குணங்களில் தேறுவதுதான் குறிக்கோள். 1988-ல் ஐந்தாம் பாகத்தில் ஊர்க்காரர்களுக்கு நேர அட்டவணை வந்தது, காலையில் கடை, ராத்திரி படுக்கை என்று. 1990-ல் ஆறாம் பாகத்தில் ஊருக்குள் ஓர் அளவு, வெளியே ஓர் அளவு என்ற பழைய வழக்கம் போய் நாடு முழுக்க ஒரே அளவில் விரிந்தது. ஏழில் இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து, திரையின் ஓரங்களை அடைத்துக்கொண்டிருந்த பட்டன்களும் பெட்டிகளும் ஒழிந்து, முழுத்திரையும் உலகமாகவே ஆனது.

எந்த மெஷினில் என்று கேட்டீர்கள். 386 ப்ராசஸர், 2 எம்பி மெமரி, 320-க்கு 200 புள்ளிகள் கொண்ட திரை, 256 வண்ணம். இதில் 3072-க்கு 3072 டைல் (வரைபடம் அடுக்கப்பட்டிருக்கும் சிறு சதுரம்) அளவில் ஒரு நாடு, நடுவில் 'லோடிங்' என்று நிறுத்தி வைக்கும் திரை எதுவும் இல்லாமல். வீட்டுக்குள் கால் வைத்தால் கூரை விலகி உள்ளே தெரியும், வெளியே வந்தால் மூடிக்கொள்ளும். அவ்வளவு மெமரியை அன்றைய இயங்குதளமான டாஸ் சாதாரணமாகக் கொடுக்காது என்பதால் வூடூ என்று சொந்தமாகவே ஒரு மெமரி மேனேஜர் எழுதினார்கள். அது மற்ற எந்த மெமரி மேனேஜரோடும் ஒத்துப்போகாது, அந்த கேமுக்கென்றே கம்ப்யூட்டரைத் தொடங்கத் தனியாக ஒரு பூட் டிஸ்க் வைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

சரி, அட்டவணைக்கு வருவோம். ஒரு நாளை மூன்று மூன்று மணி நேரமாக எட்டுத் துண்டாக வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒருவருக்கு இரண்டே தகவல்: என்ன செய்வது, எங்கே செய்வது. செய்வதற்கு மொத்தம் 32 வகை நடவடிக்கைகள் மட்டுமே இருக்கின்றன, அந்தப் பட்டியலைப் படித்தாலே பாதி பாடம் முடிந்துவிடும். தூங்கு, சாப்பிடு, சத்திரத்தில் சாப்பிடு, வயல் வேலை, கடை பார், சுரங்கம் வெட்டு, கொல்லுப்பட்டறை, ரொட்டி சுடு, தை, மேசை வேலை, பரிமாறு, பிரசங்கம் செய், ரோந்து போ, திருடு, ஆடு, சும்மா சுற்று, சிறுவர் விளையாட்டு. நாட்டில் உள்ள அத்தனை பேரின் வாழ்க்கையும் இந்த 32-க்குள் அடங்கிவிடுகிறது. ரொட்டி சுடுகிறவரும் பிரசங்கம் செய்கிறவரும் ராத்திரி அதே 'தூங்கு'வைத்தான் ஓட்டுகிறார்கள், கட்டில் மட்டும் வேறு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த நுணுக்கம் விளக்கு. இருட்டினால் தெருவில் விளக்கு எரிகிறது, ஜன்னல் கதவுகள் சாத்தப்படுகின்றன. இதற்கென்று ஒரு வேலையாள் கிடையாது. அந்தப் பக்கம் சும்மா நிற்கிறவரோ சுற்றுகிறவரோ, பக்கத்தில் விளக்கு இருந்தால் போய் ஏற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார், விடிந்தால் இன்னொருவர் அணைப்பார். எழுதினால் சில வரி புரோகிராம்தான். ஆனால் பார்க்கிறவருக்கு, இவர்கள் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள், இது அவர்கள் தெரு என்று மனதில் பதிந்துவிடுகிறது.

அப்புறம் ரொட்டி. அல்டிமா 7 என்றாலே ரொட்டியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், நியாயமான காரணத்தோடுதான். மாவு மூட்டையை டபுள் கிளிக் செய்து மேசையைக் காட்டினால் மாவு கொட்டும். தண்ணீர் வாளியை எடுத்து அந்த மாவைக் காட்டினால் பிசைந்த மாவாகும். அதைக் கொண்டுபோய் அடுப்பில் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் ரொட்டி. இதற்கு ஒரு மெனு கிடையாது, 'சமையல் திறன் 5' என்று ஒரு எண் கிடையாது, செய்து முடித்தால் பாராட்டி ஒரு சத்தம்கூடக் கிடையாது. பிரிட்டன் என்ற தலைநகரில் வில்லி என்று ஒரு ரொட்டிக்கடைக்காரர் இருக்கிறார், வேலை கேட்டால் கொடுப்பார், சுட்டுக் கொடுத்தால் கூலியும் உண்டு. அவரும் அதே மேசை, அதே மாவு, அதே அடுப்பைத்தான் பயன்படுத்துகிறார். கம்பளியை ராட்டையில் போட்டால் நூல், நூலைத் தறியில் போட்டால் துணி, துணியைக் கத்தரித்தால் காயத்துக்குக் கட்டுப்போடும் பட்டி. இதெல்லாம் கதையை முடிக்கத் தேவையே இல்லை. தேவையில்லாத இடத்திலும் உலகம் உங்களுக்குப் பதில் சொல்கிறது, அதனால்தான் தேவையான இடத்தில் அதை நம்புகிறீர்கள்.

பிற்காலத்து கேம்கள் பலவற்றில் மேசை மேல் தட்டு ஒட்டிவைத்த மாதிரி இருக்கும், எடுக்க வராது. சில இடங்களில் எடுக்க வரும், ஆனால் அது யாருடையது என்று யாருக்கும் கவலை இருக்காது. இங்கே எடுத்தால் திருட்டு. கூட வருகிற தோழர்களே 'இது சரியில்லை' என்று தடுப்பார்கள், தொடர்ந்து செய்தால் உங்களை விட்டுப் போய்விடவும் செய்வார்கள், பார்த்த ஊர்க்காரர்கள் காவலர்களையும் கூப்பிட்டுவிடுவார்கள். அந்தத் தோழர்களுக்குப் பசிக்கும், வாய்விட்டுச் சொல்வார்கள், நீங்கள்தான் பையில் இருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆக ரொட்டிக்கு விலை, உரிமையாளர், சாப்பிட ஒரு வாய் என்று மூன்றும் இருக்கிறது. ஒரு பொருளை மூன்று பக்கத்திலிருந்து கட்டிப்போட்டால் அது வெறும் படமாக இருக்க முடியாது.

கதையும் இதே வழியில்தான் வருகிறது. தொடக்கம் டிரின்சிக் என்ற ஊரில், லாயத்தில் ஒரு கொலை. கிறிஸ்டஃபர் என்ற கொல்லரும், இனாமோ என்ற கார்காயிலும் (அந்த நாட்டில் மனிதரோடு வாழும் வேறோர் இனம்) கோரமாகக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். நகரத்தின் கதவு பூட்டியிருக்கிறது, கடவுச்சொல் இல்லாமல் வெளியே போக முடியாது, விசாரித்துவிட்டு வா என்கிறார் மேயர். விசாரிப்பது என்றால் என்ன? செத்தவரின் பட்டறைக்குப் போக வேண்டும், அவர் பையன் ஸ்பார்க்கோடு பேச வேண்டும், சாவி எதற்கு என்று தேடிப் பெட்டியைத் திறக்க வேண்டும், ராத்திரிக் காவலில் இருந்தவரைக் கண்டுபிடிக்க வேண்டும். யார் எந்நேரம் எங்கே இருப்பார் என்று உங்களுக்கே பிடிபட ஆரம்பிக்கும். எந்த இடத்திலும் 'இந்த ஊரில் எல்லோருக்கும் அட்டவணை உண்டு' என்று ஒரு டுட்டோரியல் வராது. ஒரு பிணத்தைக் காட்டி, அதைச் சுற்றி ஓர் ஊரைக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். எழுத்துப் பொறுப்பில் இருந்தவர் ரேமண்ட் பென்சன், பின்னால் ஜேம்ஸ் பாண்ட் நாவல்கள் எழுதியவர், துப்பறியும் வாசனை இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

அட்டவணையைக் கதையாக்கியதில் இன்னொன்று பாஸ் என்ற ஏழை ஊர். தலைநகருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாடு முழுக்க 'ஃபெலோஷிப்' என்று ஓர் அமைப்பு பரவியிருக்கிறது, ஒற்றுமை, நம்பிக்கை, தகுதி என்று மூன்று கொள்கை சொல்லும், ஏழைகளுக்கு விடுதி நடத்தும். பாஸில் அந்த விடுதியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு தங்கியிருக்கிறாள். அவள் கணவன் வெஸ்டன் தலைநகரில் சிறையில் இருக்கிறான். அரசத் தோட்டத்தில் ஆப்பிள் திருடினான் என்று குற்றச்சாட்டு, வீட்டில் சாப்பாடு இல்லாமல் எடுத்தது. நீங்கள் சிறையில் அவனோடு பேசி, தோட்டக்காரரிடமும் பேசி, மன்னரிடம் போய்ச் சொன்னால் அவனை விடுவிக்க வழி பிறக்கும். இதே பாஸில் திருட்டுப் பழி ஒன்று ஏழைப் பையன் மேல் விழுகிறது, உண்மையில் எடுத்தது விடுதியை நடத்துபவர்களின் பையன். இதை முடித்தால் உலகம் காப்பாற்றப்படாது, பெரிய பரிசும் இல்லை. ஆனால் தலைநகரின் மாளிகைகளையும் இந்த ஊரின் குடிசைகளையும் அடுத்தடுத்து நடந்தே பார்த்திருப்பதால் அந்த ஆப்பிள் மனதை அறுக்கும். உயிருள்ள உலகம் என்று பேசுகிறவர்கள் கட்டில், விளக்கு, ரொட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள். யாரிடம் ரொட்டி இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதையும் இந்த கேம் சேர்த்துச் சொல்கிறது, அதனால்தான் இன்னும் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது 2 எம்பியில் எப்படி என்ற கேள்விக்கு நேரான பதில்: எல்லோரையும் எப்போதும் ஓட்டுவதில்லை. உங்கள் திரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும்தான் உண்மையில் நடக்கிறார்கள், பாதை தேடுகிறார்கள், கதவைத் திறக்கிறார்கள். தூரத்து ஊரில் இருப்பவருக்கு நேரம் மாறினால், அடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும், வழியெல்லாம் நடக்க வைப்பானேன்? அப்புறம் வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாத 'முட்டைகள்' புதைத்திருக்கிறார்கள், அவர்கள் வைத்த பெயரே அதுதான். நீங்கள் பக்கத்தில் போனால் முட்டை பொரியும்: ஒன்றிலிருந்து அரக்கன் வரும், ஒன்றிலிருந்து இசை மாறும், ஒன்றிலிருந்து ஒரு காட்சி தொடங்கும். யூஸ்கோட் என்று தனியாக ஒரு ஸ்கிரிப்ட் மொழி, பேச்சும் பொருள்களின் நடத்தையும் பெரும்பாலும் அதில்தான் எழுதியிருக்கிறது. அதாவது எஞ்சினை, கேமை ஓட்டும் அடிப்படை புரோகிராமை, தொடாமலே எழுத்தாளர்கள் உலகத்தில் புதுப்புது விஷயங்களைச் சேர்க்க முடிந்தது. கேரியட் தன்னையே வைத்துச் செய்த பாத்திரமான மன்னர் லார்ட் பிரிட்டிஷ் மதியத்தில் ஒரு குறிப்பிட்ட வாசலில் வந்து நிற்பார், அப்போது மேலே உள்ள பலகையை டபுள் கிளிக் செய்தால் அவர் தலையில் விழும். ஒரிஜின் அலுவலகத்தில் கேரியட்டின் தலையில் உண்மையாகவே ஏதோ விழுந்ததை வைத்துச் செய்த விளையாட்டு அது. ஆனால் கவனியுங்கள், அட்டவணை இருப்பதால்தான் அது சாத்தியம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சண்டை மோசம். எல்லோரும் தானாகவே ஓடிப்போய் ஒரு கும்பலாக அடித்துக்கொள்வார்கள், முடிந்த பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று நீங்கள் குனிந்து பார்க்க வேண்டும். பை அதைவிட மோசம், போட்டது போட்ட இடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும், சாவி ஒன்றைத் தேடுவதற்குள் பொறுமை போய்விடும். எட்டுப் பேருக்கு வேளா வேளைக்கு ஊட்டிவிடுவதும் முதல் சில மணி நேரத்துக்குத்தான் அழகு.

இதற்குப் பிறகு வந்தவர்கள் இரண்டு வழியில் போனார்கள். ஒன்று, ஆட்களுக்கு நிஜமாகவே முடிவெடுக்கும் திறனைக் கொடுப்பது. 2006-ல் ஆப்ளிவியன் என்ற கேம் ரேடியன்ட் ஏஐ என்ற பெயரில் அதைத்தான் செய்தது: 'இத்தனை மணிக்குச் சாப்பிடு' என்று இலக்கு மட்டும் கொடுப்பார்கள், உணவுக்கு வழியை அவரே பார்த்துக்கொள்வார். சோதனையில் ஆட்கள் கட்டுக்கடங்காமல் போய், வெளியிடுவதற்கு முன் நிறைய அடக்கி வைக்க வேண்டியிருந்தது. ஒரிஜினே 1997-ல் அல்டிமா ஆன்லைனில் விலங்குகளுக்குப் பசி, இரை என்று முழு உணவுச் சங்கிலியைக் கட்டிப் பார்த்தது. விளையாட வந்த கூட்டம் அதெல்லாம் கண்ணில் படுவதற்கு முன்பே கண்ட விலங்கையெல்லாம் கொன்று தீர்த்துவிட்டதால் அந்த அமைப்பையே எடுத்துவிட்டார்கள். யாரும் பார்க்காத ஆழம் இருந்தும் பயன் இல்லை. இன்னொரு வழி, பொருள்களின் பக்கம். பால்டர்ஸ் கேட் 3 செய்த லேரியன் நிறுவனத்தின் ஸ்வென் விங்க்கே தன்னைக் கேம் செய்ய வைத்தது அல்டிமா 7-தான் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அவர்கள் கேம்களில் பெட்டியை நகர்த்தி, பீப்பாயை உருட்டி, தண்ணீரை ஊற்றி விளையாடும்போது அந்த உறவு தெரியும். உங்கள் புராஜெக்டுக்கு இரண்டாவது வழிதான் சரி, இருக்கிற நேரத்துக்கும் அதுதான் கட்டுப்படியாகும்.

மாட வீதிக்கு வருவோம். நாற்பது பேரை எட்டாகக் குறையுங்கள். பூக்காரம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை மூன்று முதல் ஆறு, கூடையோடு வந்து இறங்குகிறார். ஆறு முதல் ஒன்பது, கட்டுகிறார், விற்கிறார். மதியம் கோயில் நடை சாத்தியதும் அந்தத் துண்டில் அவர் எங்கே போகிறார்? உங்கள் கேமில் இந்நேரமும் அதே இடத்தில் அதே புன்னகையோடு உட்கார்ந்திருப்பார், தெரு அங்கேதான் சாகிறது. டீக்கடை நிழலில் போய்க் கால் நீட்டட்டும், இஸ்திரி வண்டிக்காரரோடு பேசட்டும், நடை திறக்கும் நேரத்துக்குக் கூடை மேல் தண்ணீர் தெளிக்கத் திரும்பி வரட்டும். அடுத்தது பொருள்கள். கூடையில் உதிரிப் பூ, ஒரு நூல்கண்டு, ஒரு வாளி தண்ணீர். விளையாடுகிறவர் பூவையும் நூலையும் எடுத்தால் சரமாகக் கட்ட வர வேண்டும், அதே சரம் அம்மா கட்டியதைப் போலவே விலை போக வேண்டும். நூல்கண்டை எடுத்து ஒளித்துவைத்துவிட்டால் அவர் கை நிற்க வேண்டும், எழுந்துபோய் இன்னொன்று வாங்கிவர வேண்டும், அதுவும் முடியாவிட்டால் 'நூலைக் காணோமே' என்று சொல்லவாவது வேண்டும். இஸ்திரித் துணி மூட்டை எந்த வீட்டுடையது என்று மூட்டையில் இருக்கட்டும், வேறு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் சாயங்காலம் யாராவது வந்து சண்டை போடட்டும். சாயங்காலம் கடை விளக்கைப் போடுவதற்குத் தனி ஆள் வைக்காதீர்கள், பக்கத்தில் நிற்கிறவர் சுவிட்சைத் தட்டட்டும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு நடவடிக்கைகள் எழுதினால் தெரு ஓடிவிடும்.

விளையாடும் வழி: கேம்கள் விற்கும் ஜிஓஜி தளத்தில் அல்டிமா 7 முழுத்தொகுப்பாகக் கிடைக்கும், பழைய டாஸ் கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் அது அப்படியே ஓடும். ஆனால் நீங்கள் அதிலிருக்கும் கோப்புகளை எடுத்து எக்ஸல்ட் என்ற ஓபன் சோர்ஸ் எஞ்சினில் போடுங்கள். அசல் எஞ்சினை வெளியிலிருந்து பிரித்தறிந்து புதிதாக சி++-ல் எழுதியது, லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும், திரையையும் பெரிதாக்கிக்கொள்ளலாம். கூடவே எக்ஸல்ட் ஸ்டுடியோ என்ற கருவி வரும். அதில் ஒரு ஆளைத் திறந்தால் அவருடைய எட்டுத் துண்டு அட்டவணை அப்படியே தெரியும், மாற்றியும் பார்க்கலாம். வில்லியின் காலை வேலையை 'பிரசங்கம் செய்' என்று மாற்றிவிட்டு ரொட்டிக்கடை என்ன ஆகிறது என்று பாருங்கள், ஒரு செமஸ்டர் பாடம் அதில் இருக்கிறது. கையேட்டையும் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மேயர் அதிலிருந்துதான் கேள்வி கேட்பார், பதில் சொன்னால்தான் டிரின்சிக்கை விட்டு வெளியே போக முடியும்.

1993-ல் வந்த 'சர்பன்ட் ஐல்' இரண்டாம் பாதி. கதை இறுக்கமானது, ஆனால் போகப் போக ஊர்களில் ஆட்களே குறைந்துவிடுவார்கள், உங்கள் தேவைக்கு அது பிறகு பார்த்தால் போதும். 'பிளாக் கேட்' தொகுப்பிலேயே 'ஃபோர்ஜ் ஆஃப் வர்ச்சூ' என்ற இணைப்பு சேர்ந்து வரும், அதில் கிடைக்கும் கரிய வாள் அநேகமாக எதையும் ஒரே வீச்சில் சாய்த்துவிடும். அந்த இணைப்பு நடக்கும் தீவுக்கு அவசரப்பட்டுப் போகாமல், பாஸையும் தலைநகரையும் முதலில் ஆற அமரப் பார்த்து முடித்துவிடுங்கள்.